கம்ப்யூட்டருக்குக் காத்திருந்த அலமாரி

மனைவியை மடக்கிவிடுவது என்று நான் முடிவெடுத்தது 1988-ஆம் வருஷம், மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு. நேரம் இவ்வளவு சுத்தமாக நினைவிருப்பதற்குக் காரணம், பஞ்சாங்கம் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். எமகண்டம் பன்னிரண்டுக்கு மேல். ராகு காலம் சாயங்காலம். பத்தரை மணிக்கு எனக்கு எதிராக ஒரு கிரகமும் கிடையாது. எதிரே ரமணி மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள்.

ரமணி என் சம்சாரம். நான் பசுபதி, மலேசியாவில் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது ஆபீஸில் தலைமைக் கணக்குப்பிள்ளை. எனக்குக் குடி கிடையாது. நாலு நம்பர் லாட்டரி வாங்குவது கிடையாது. சிகரெட்டைக்கூட டாக்டர் சொல்வதற்கு முன்பே விட்டவன். இந்த ஐம்பது மைல் சுற்று வட்டாரத்தில் என்னைப் போல ஒரு புருஷனைக் காட்டுங்கள் என்று நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருத்தரும் காட்டவில்லை. யாரும் தேடவில்லை என்கிறாள் ரமணி.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கம்ப்யூட்டர்.

சிரிக்காதீர்கள். அது எப்படி வந்தது என்று கேளுங்கள். 1984-இல் மூக்குக் கண்ணாடி மாற்ற ஈப்போ போயிருந்தேன். கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பெட்டி இருந்தது. கறுப்புத் திரை, அதில் பச்சையாக ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். மிஸ்டர் லியோங். “மாசோக் லா, கிராணி” என்று மலாயில் உள்ளே கூப்பிட்டார். நான் கிராணி என்று என் சட்டைப் பையில் இருந்த மூன்று பேனாவைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். தட்டினார். திரையில் பச்சை எழுத்தில் என் பெயர் வந்தது.

அதை எப்படிச் சொல்வது? அப்போதே கிராணி வேலையில் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. பதினைந்து வருஷமாக செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் புத்தகத்தில் அடுத்தவர்கள் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாக்கண்ணு, இருபத்திரண்டு கிலோ. பவளம், பத்தொன்பது கிலோ. என் பெயரை யாரும் எங்கேயும் எழுதியது கிடையாது. அது அந்தத் திரையில் பச்சையாக நின்று மின்னியது. அன்றைக்குக் கண்ணாடி வாங்க மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் எக்ஸ்.டி. விலை இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி, அதாவது எங்கள் நாட்டு ரிங்கிட். மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். சேர்த்து முடித்துப் போனேன். லியோங் என்னை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

“உங்களை எனக்குப் பிடிக்கும், அதனால உண்மையைச் சொல்றேன். எக்ஸ்.டி. தாத்தா. இப்ப அப்பன் வந்துட்டான். 286. உள்ளே இருக்கிற சிப்பே வேற. ஆறாயிரம் வெள்ளி. கொஞ்சம் பொறுங்க லா.”

பொறுத்தேன். அடுத்த ரெண்டு வருஷம் மாட்டிறைச்சி, மீன், புதுச் சட்டை எல்லாவற்றையும் குறைத்தேன். மாட்டிறைச்சி நாங்கள் எப்போதும் சாப்பிடுவது கிடையாது, ஆனாலும் குறைத்த கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டால் மனதுக்குத் தெம்பாக இருந்தது. ஆறாயிரம் சேர்ந்ததும் இந்த முறை ரமணியையும் கூட்டிக்கொண்டு போனேன். இறங்கும்போது தாப்பா ரோட்டு வளைவுகளில் அவளுக்கு இரண்டு முறை வாந்தி. எனக்குச் சந்தோஷத்தில் ஒன்றும் செய்யவில்லை.

கடைக்குள் போனால் லியோங் எங்களை நேரே உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வேறொன்று இருந்தது.

“பேரன்,” என்றார். “386. பதினாலாயிரம்.”

அப்புறம்தான் வெளியே கூட்டிவந்து 286-ஐக் காட்டினார். பதினாலாயிரத்தைக் கேட்ட காதுக்கு ஆறாயிரம் முட்டைக்கோசு விலை மாதிரி இருந்தது. வாங்கிவிடலாம் என்று பைக்குள் கையை விட்டேன். விட்ட கை வெளியே வரவில்லை. பேரன் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அப்பனை எப்படி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது? வேகத்தைக் கூட்டும் டர்போ பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, இரண்டு விளம்பரத் தாளை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினோம். ரமணி வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வாந்தி மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஒன்றும் செய்யாமல் சும்மா ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஏற்பாடெல்லாம் பலமாக இருந்தது. எங்கள் மலையில் ஈரம் எப்படி என்பது தெரியுமல்லவா? மூன்று நாள் காலில் போடாத சப்பாத்தில் பச்சையாக முடி முளைத்துவிடும். அதனால் எல்லார் வீட்டிலும் ஒரு அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு பல்பு எரியும். கல்யாணப் புடவை, படிப்புச் சான்றிதழ், கேமரா எல்லாம் அந்த வெதுவெதுப்பில்தான் உயிரோடு இருக்கும். எங்கள் அலமாரியில் நடுத்தட்டை நான் 1984-லேயே காலி செய்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கு ஈரம் ஆகாது என்று லியோங் சொல்லியிருந்தார். வேலை முடிந்ததும் தூக்கி உள்ளே வைத்துவிட வேண்டும். நாலு வருஷமாக அந்தத் தட்டில் ஒரு கைக்குட்டைகூட வைக்க விடவில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அலமாரியைத் திறந்து, அந்த மஞ்சள் வெளிச்சத்தில் காலித் தட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். விளம்பரத் தாள் இரண்டையும் அதில்தான் வைத்திருந்தேன்.

ரமணி ஒரே ஒரு முறை கேட்டாள்.

“அந்தத் தட்டு சும்மாதானேங்க கிடக்கு?”

“சும்மா இல்ல ரமணி. காத்துக்கிட்டு இருக்கு.”

“யாரு, தட்டா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மேசையும் தயார். போன தீபாவளிக்கு முன்பு தோட்டத்துத் தச்சர் சின்னக்கருப்பனிடம் மூன்றடி மேசைக்குச் சொல்லியிருந்தேன். நாலரை அடிக்குக் கொண்டுவந்து போட்டார். விளிம்பை வேறு செதுக்கி மெலிசாக்கி வைத்திருந்தார். நான் சத்தம் போட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “அளவு சரியாத்தான் இருக்கு கிராணி” என்றார். ரமணிதான் சமாதானம் செய்தாள். “இருக்கட்டும்ங்க. பிரிண்டர் வைக்க எடம் வேணும்ல?” என்றாள். பிரிண்டர் என்கிற வார்த்தை என் சம்சாரத்தின் வாயிலிருந்து வந்ததில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சின்னக்கருப்பனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இப்போது மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். 386 என் தலைக்கு மேலே. 286 கைக்கு எட்டும். எதையாவது ஒன்றை வாங்கினால் போதும், அந்தப் பச்சை எழுத்து வீட்டுக்கு வந்தால் போதும் என்று மனம் இறங்கிவிட்டது. ஆனால் ஆறாயிரம் என்று நேராகக் கேட்டால் ரமணி என்ன சொல்வாள் என்று தெரியும். அதனால் பக்கத்து வீட்டு வேலப்பனிடம் போனேன். வேலப்பன் ஃபேக்டரியில் டீமேக்கர். தூளை மோந்து பார்த்தே தரம் சொல்லும் ஆள்.

“லியோங் என்கிட்ட செஞ்சதை நான் அவகிட்ட செய்யப் போறேன் வேலப்பா. மொதல்ல பதினாலாயிரம்னு கேப்பேன்.”

“மயக்கம் போட்டு விழுந்துருவாங்க.”

“விழட்டும். தண்ணி தெளிச்சு எழுப்பி, சரிம்மா, உனக்காக ஆறாயிரத்துக்கு எறங்கி வர்றேன்னு சொல்வேன்.”

“ஆளு தேறிட்டய்யா,” என்றான் வேலப்பன்.

பத்தரை மணி. ரமணி முறத்தில் பயிற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் மகள் உஷா தானா ராத்தா டவுனுக்கு டியூஷன் போயிருந்தாள். நான் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன்.

“ரமணி, ஒரு விஷயம்.”

“கம்ப்யூட்டரா?”

“எப்படித் தெரியும்?”

“உங்ககிட்ட வேற என்னா விஷயம் இருக்கு? சொல்லுங்க.”

“மூணு தரம் இருக்கு. நம்ம தேயிலை மாதிரின்னு வச்சுக்கியேன். எக்ஸ்.டி.ன்னா டஸ்ட்டு. 286-ன்னா டவுனு கடையில விக்கிறது. 386-ன்னா பொட்டியில கட்டி சீமைக்குப் போவுது பாரு, அது.”

“நாம வீட்டுல குடிக்கிறது எது?”

“டஸ்ட்டு.”

“நல்லாத்தானேங்க இருக்கு?”

“தேத்தண்ணி வேற, கம்ப்யூட்டர் வேற.”

“நீங்கதான தேயிலைன்னீங்க?”

ஆரம்பமே சரியில்லை. இருந்தாலும் விடவில்லை. உஷா படிப்பு, வருங்காலம், உலகம் போகிற வேகம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவள் ஒடித்துக்கொண்டே கேட்டாள். கேள்வியும் கேட்டாள்.

“இப்ப 286 வாங்கிட்டு, அப்புறமா அந்த சிப்பை மட்டும் கழட்டிட்டு 386 போட்டுக்க முடியாதா?”

“முடியாது. போர்டோட மாத்தணும். கிட்டத்தட்ட புதுசு வாங்குற செலவு.”

“கணக்கு நல்லா போடுமா?”

“நல்லா போடும். இன்னும் வேகமா போடணும்னா கணக்குக்குன்னே தனியா ஒரு சிப்பு இருக்கு. அதுக்குத் தனி வெல.”

“கணக்குப் போடுற மிஷினுக்குக் கணக்குப் போட இன்னொரு ஆளு வேணுமா?” என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “எழுத்து என்னா கலருங்க அதுல?” என்று கேட்டாள்.

“கறுப்பு மேல பச்சை.”

“இலைப் பச்சையா, கிளிப் பச்சையா?”

“கிளிப் பச்சை.”

அவள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், இவளைப் போய் மடக்குகிறோமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு குண்டைப் போட்டேன்.

“386-தான் வேணும் ரமணி. பதினாலாயிரம் வெள்ளி.”

மயக்கம் வரட்டும் என்று காத்திருந்தேன். பக்கத்தில் சொம்பில் தண்ணீர்கூட வைத்திருந்தேன். அவள் இன்னொரு பயிற்றங்காயை எடுத்தாள். ஒடித்தாள்.

“வாங்குங்க,” என்றாள்.

“என்னா?”

“வாங்குங்கன்றேன். நாலு வருஷமா ஆசைப்படுறீங்க.”

இது திட்டத்தில் இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. கேமரன் மலையில் வியர்த்த முதல் மனுஷன் நான்தான்.

“இல்ல... பதினாலாயிரம் ரொம்ப ஜாஸ்தி. உனக்காக நான் 286-க்கு எறங்கி வர்றேன். ஆறாயிரம்தான்.”

“ஏன் எறங்கணும்? அது அப்பன், ரெண்டு வருஷத்துல கெழவனாயிரும்னு நீங்கதான சொன்னீங்க?”

“சொன்னேன்...”

“நாலு வருஷம் வாயக் கட்டி வயித்தக் கட்டி சேத்த பணம். அதக் கொண்டு போயி ஒரு கெழவனத் தூக்கிட்டு வருவீங்களா? எம் புருஷன் வாங்குனா ஒசந்ததத்தான் வாங்கணும். ரெண்டாந்தரம் இந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாது.”

எனக்குப் பெருமையாக இருந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் என்னைப் பற்றி இவ்வளவு உயர்வாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

“ஆனா பணம் பத்தாதே ரமணி.”

“வெல எறங்கும்னு நீங்கதான சொல்வீங்க? எவ்வளவு நாளாகும் பாதியாவ?”

“ரெண்டு வருஷம்...”

“அப்ப ரெண்டு வருஷம் காத்திருப்போம். நாலு வருஷம் காத்தவங்களுக்கு ரெண்டு வருஷம் என்னா பெரிசு?”

நான் சொன்னது ஒவ்வொன்றையும் மடித்து அடுக்கி என் கையிலேயே கொடுத்துவிட்டாள். எதை மறுப்பது? எல்லாமே என் வாய்ப் பேச்சுதான்.

ரமணி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

“அதுவரைக்கும் அந்தப் பணம் சும்மாத்தானேங்க கெடக்கும். நான் ஒண்ணு கேக்கட்டா?”

உள்ளே போய் மூன்று தாளைக் கொண்டுவந்தாள். முதல் தாளை என் மடியில் வைத்தாள். ஈப்போ பக்கம் புது வீட்டுத் திட்டம். முன்பணம் ஆறாயிரம், அப்புறம் மாதாமாதம் கட்ட வேண்டும், இருபது வருஷத்துக்கு. எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

“இது இப்ப முடியாதும்மா.”

“சரி.” இரண்டாவது தாள். பழைய கார் ஒன்று, நாலாயிரத்து ஐந்நூறு. “மழையில மோட்டார்ல நனைஞ்சிக்கிட்டே வர்றீங்க. பாக்க மனசு கேக்கல.”

“எனக்கு மழை பிடிக்கும்,” என்றேன். எனக்கு மழை பிடிக்காது.

மூன்றாவது தாளைக் காட்டவில்லை. நாலாக மடித்து இடுப்பில் செருகப் போனாள்.

“அது என்னா?”

“இது வேணாங்க. சின்ன விஷயம்.”

“காட்டு.”

“கம்ப்யூட்டர் பணத்துல கை வைக்கக் கூடாதுங்க. பாவம்.”

“காட்டுன்றேன்ல.”

கிட்டத்தட்ட பிடுங்கித்தான் பார்த்தேன். ஸ்வெட்டர் பின்னுகிற மிஷின். ஆயிரத்து முந்நூறு வெள்ளி. இருபது வருஷத்திலிருந்தும் நாலாயிரத்து ஐந்நூறிலிருந்தும் தப்பித்து வந்தவனுக்கு ஆயிரத்து முந்நூறு என்பது ஒரு பணமா? மூச்சு திரும்பி வந்தது.

“இதையே வாங்கு,” என்றேன்.

“வேணாங்க...”

“புருஷன் சொல்றேன். எதுத்துப் பேசாத. நாளைக்கே எழுதிப் போடு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்க சொன்னா சரி” என்றாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வேலப்பன் வீட்டுக்குப் போனேன். வீட்டையும் காரையும் எப்படி ஒரே வார்த்தையில் தடுத்தேன் என்பதை நடித்துக் காட்டினேன். அவன் முழுதாகக் கேட்டான்.

“நீ எதுக்குப் போன?”

“கம்ப்யூட்டருக்கு.”

“வரப் போறது?”

“ஸ்வெட்டர் மிஷின்.”

“ம்,” என்றான். ஒரு குவளைத் தேத்தண்ணி ஊற்றி என் முன்னால் வைத்தான். துக்க வீட்டில் வைப்பார்களே, அப்படி வைத்தான்.

மிஷின் லோரியில் வந்தது. நீளமான பெட்டி. சின்னக்கருப்பனின் மேசையில் தூக்கி வைத்தோம். இரண்டு பக்கமும் அரை அடி இடம் விட்டுக் கச்சிதமாக உட்கார்ந்தது. மிஷினை மேசையோடு பிடித்து முடுக்க இரண்டு இரும்புக் கவ்வி இருந்தது. செதுக்கி மெலிசாக்கிய விளிம்பில் அவை பல்லு மாதிரி போய்ப் பிடித்துக்கொண்டன. நான் விளிம்பைப் பார்த்தேன். ரமணியைப் பார்த்தேன்.

“சின்னக்கருப்பன்கிட்ட அளவு சொன்னது யாரு?”

“பிரிண்டருக்குன்னு நானும் ஒரு அளவு சொன்னேங்க,” என்றாள்.

அப்புறம் பல்பு எரிகிற அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் கம்பளிப் போர்வைகளுக்குப் பின்னால் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். நூல் கண்டுகள். சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை, ஒரு பெரிய கறுப்பு. பன்னிரண்டு. என் விளம்பரத் தாள் இரண்டையும் பத்திரமாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நாலு வருஷம் காத்திருந்த நடுத்தட்டில் அவற்றை அடுக்கினாள்.

“கம்பளி நூலுக்கு ஈரம் ஆகாதுங்க.”

“எப்ப வாங்குன இதெல்லாம்?”

“தீபாவளிக்கு முன்னாடி.”

நான் பஞ்சாங்கம் பார்த்தது மார்ச் மாதம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்து மாதம்.

“அப்ப அந்த வீடு, காரு?”

“அன்னைக்கு ஈப்போவுல நீங்க மிஷினப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் அந்த லியோங் ஏவாரம் பண்றதப் பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றாள் ரமணி.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் விரல்கள்தான் கண்ணில் பட்டன. பத்து வருஷமாக இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு, இந்தக் குளிரில், தானா ராத்தா கடைகளுக்கு ஸ்வெட்டரும் தொப்பியும் பின்னிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். காலையில் விரலை மடக்க முடியாமல் அடுப்பில் காட்டுவாள். தினமும் பார்த்த விஷயம்தான், ஆனால் ஒரு நாளும் பார்த்ததில்லை. நாலு வருஷமாக எனக்கு ஒரு மிஷின் மேல் ஆசை என்று தோட்டம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளுக்கும் ஒரு மிஷின் மேல் ஆசை இருந்திருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டு திரிந்தவனுக்குக் கிடைக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

“கடையில இதுலயும் மூணு தரம் இருந்துச்சுங்க,” என்றாள். “ஊசிய கையாலயே மாத்துறது ஒண்ணு. அட்ட போடுறது ஒண்ணு. உள்ள சிப்பு வச்சது ஒண்ணு. சிப்பு வச்சது ஜோராத்தான் இருந்துச்சு. நான்தான் வேணாம்னுட்டேன்.”

“ஏன்?”

“அடுத்த வருஷம் வேற சிப்பு வரும்ல?”

அட்டை என்றாளே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூ வேண்டுமென்றால் பூவுக்கு ஒரு அட்டை. அதில் வரிசையாகத் துளை. துளை இருந்தால் ஒரு நிற நூல், இல்லாவிட்டால் இன்னொரு நிறம். ஒரு வரிக்கு இருபத்து நாலு இடம். புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் என்னைத்தான் படித்துச் சொல்லச் சொன்னாள். படித்துக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். துளை உண்டு, துளை இல்லை. ஆம், இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயும் இதுதான் நடக்கிறது என்று லியோங் சொல்லியிருந்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அட்டையில்தான் துளை போட்டு வேலை சொல்வார்களாம்.

மறு ஞாயிற்றுக்கிழமை நானே துளை போடும் கிடுக்கியைக் கையில் எடுத்தேன். ரோஜா போட்டேன். ஸ்ட்ராபெரி போட்டேன். தேயிலைக் கொழுந்து, இரண்டு இலை ஒரு மொட்டு, அதையும் போட்டேன். நான் துளை போட, ரமணி ஊசி வரிசை மேல் மிஷின் வண்டியை இழுக்க, சர்ரென்று அந்தக் கொழுந்து கீழே இறங்கி வருவதைப் பார்த்தால் கொஞ்ச நேரத்துக்கு மற்ற ஆசை மறந்துபோகும். முழுதாக அல்ல. கொஞ்ச நேரத்துக்குத்தான். ஒரு நாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது யாருக்கும் தெரியாமல் ஒரு அட்டை அடித்தேன். இருபத்து நாலு இடத்தில் மூன்று எண்ணைக் கச்சிதமாக உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, விளம்பரத் தாளுக்குள் செருகி ஒளித்து வைத்தேன்.

அந்த வருஷத் தீபாவளிக்கு எனக்குப் புதுச் சட்டை கிடையாது என்று சொல்லிவிட்டாள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் என் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். கறுப்பு ஸ்வெட்டர். நெஞ்சுக்கு நடுவில் கிளிப் பச்சையில் 386. கண்டுபிடித்திருக்கிறாள் அட்டையை. துளி பிசகாமல் வந்திருந்தது. கறுப்பு மேல் பச்சை.

கண் கலங்கிவிட்டது. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்றேன். எண்கள் திரும்பித் தெரிந்தன. அதனால் குனிந்து என் நெஞ்சையே பார்த்தேன்.

“பிடிச்சிருக்காங்க?”

“சூடா இருக்கு,” என்றேன்.

அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் தினமும் ஆபீஸ் போனேன். தோட்டத்து மானேஜர் துரை ஒருநாள் என் நெஞ்சைப் பார்த்து, இது என்ன வீட்டு நம்பரா என்று கேட்டார். கம்ப்யூட்டர் சார் என்றேன். எங்கே என்று கேட்டார். செக்ரோலைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். ரமணியின் ஸ்வெட்டர்கள் பிரிஞ்சாங் கடைகள் வரைக்கும் போயின. மிஷினுக்குப் போன பணம் போன வேகத்தில் திரும்பி வந்தது. நானும் விடாமல் சேர்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வருஷம் மே மாதம் லியோங்கிடமிருந்து கடிதம் வந்தது. 386 விலை இறங்கிவிட்டது, ஏழாயிரம். என்னிடம் ஏழாயிரத்து இருநூறு இருந்தது. கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஐந்து வருஷ ஆசை, ஆபீஸ் மேசை மேல் விரித்துக் கிடந்தது. மறுநாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் நேரம்கூட விசாரித்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் வேலப்பன் வேலியோரம் பத்திரிகையோடு நின்றான்.

“பசுபதி, இதப் பாத்தியா? 486 வந்துருச்சாமே. ஒன் ஸ்வெட்டர் கெழவனாயிருச்சுய்யா.”

வாங்கிப் படித்தேன். உண்மைதான். சின்னச் செய்தி, நாலே வரி. பேரனுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. நாளைக்குப் போய் 386-ஐத் தூக்கி வரலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் லியோங் உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவாரே. கண்ணாடிப் பெட்டிக்குள் 486 உட்கார்ந்திருக்குமே. அதைப் பார்த்த கண்ணோடு இதை எப்படித் தூக்கி வருவேன்? அலமாரியிலும் இடமில்லை. நடுத்தட்டு நிறைய நூல்.

வீட்டுக்குள் போய் நாற்காலியில் சரிந்தேன். ரமணி மிஷினை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னாங்க, மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“386 பழசாயிருச்சு ரமணி. 486 வந்துருச்சாம்.”

அவள் வண்டியை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் நெஞ்சைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து, மிச்சமிருந்த கிளிப் பச்சை நூலைத் தேடி எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

“கழட்டிக் குடுங்க. மூணை மட்டும் பிரிச்சுட்டு நாலு போட்டுத் தர்றேன்.”